பிலோமினா ஊதிய மேகம்

துறைமுகத்துக்குப் போகிற கொள்கலன் லாரிகளின் சாலையும் கிள்ளான் ஆறும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும் இடத்தில் மெலாத்தி அடுக்குமாடி என்று ஒன்று இருக்கிறது, அதில் சி பிளாக்கின் ஆறாவது மாடியில் பிலோமினா என்கிற பெண்மணி குடியிருந்தாள், பழகியவர்களுக்கு மீனா, அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள், சிகரெட் குடித்தாள், இரண்டையும் ஊரறியச் செய்தாள்.

அவளுக்குப் பத்தொன்பது வயசாக இருந்தபோது கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் தூங்கி விழாமல் இருப்பதற்காகக் கூட வேலை பார்த்தவள் ஒருத்தி நீட்டியது முதல் சிகரெட், பிறகு அந்த வேலை போனது, அந்தத் தோழி கல்யாணமாகி ஜொகூருக்குப் போனாள், சிகரெட் மட்டும் கூடவே வந்தது. மாமியார் வீட்டில் பேசினார்கள், கோயிலில் பேசினார்கள், பேசிப் பேசி அவர்களுக்கே அலுத்துப்போய், பிலோமினா என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். காலையில் பிள்ளைகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு வேனின் பின்கதவில் சாய்ந்துகொண்டு ஒன்று, மத்தியானம் அடுத்த கூட்டத்தை இறக்கிவிட்டு ஒன்று, சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கில்லாமல், அப்போது அவள் புருஷன் சூசைநாதன் எதிரே உட்கார்ந்திருப்பான், அவன் சிகரெட்டைத் தொட்டதே இல்லை, சும்மா உட்கார்ந்திருப்பான், முப்பது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான்.

சூசைநாதன் சி பிளாக்கின் குடியிருப்போர் சங்கத் தலைவன். வேறு யாரும் அந்தப் பதவிக்கு வராததால் அவனே தலைவன். பிளாக்கின் தண்ணீர் பம்ப் செத்துப் பல மாதமாகியிருந்தது, இரண்டாவது மாடிக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை, மேல்மாடிக்காரர்கள் கீழே குழாயடியில் பிடித்து வாளி வாளியாகச் சுமந்தார்கள். அவன் இஸ்திரி போட்ட சட்டையோடு நிர்வாக அலுவலகத்துக்குப் போவான், அவன் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் மேலாளருக்கு ஏதோ அவசர வேலை வந்துவிடும், திரும்பி வருவான்.

அந்த வருஷம் அவனுக்கு இருமல் வந்தது, போகவில்லை. அரசாங்கக் கிளினிக்கில் டாக்டர் அம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா சிகரெட் குடிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"நானா? ஒன்னுகூடக் குடிச்சதில்ல டாக்டர்."

டாக்டர் அம்மா தலையைத் திருப்பிப் பிலோமினாவைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடப் பிலோமினா பதில் பேசியிருப்பாள்.

திரும்பும் வழியில் பிலோமினா டயர் கடைக்குப் பக்கத்தில் கெல்வின் என்கிற பையன் வைத்திருந்த, வேப் என்கிற மின்சிகரெட் விற்கும் கடை முன்னால் வேனை நிறுத்தினாள், சூசையை வேனிலேயே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"இதுல நெருப்பு இல்ல ஆண்ட்டி, சாம்பல் இல்ல, இது புகையே இல்ல, ஆவி" என்றான் கெல்வின். "முதல்ல கொஞ்சம் நிக்கோட்டின் காரம் கூடினதா எடுத்துக்குங்க, போகப் போகக் குறைச்சிக்கிட்டே வந்து ஒரு நாள் நிறுத்திடலாம்."

"நிறுத்திடலாமா?"

"நிறுத்துனவங்க இருக்காங்க."

"நீ நிறுத்துனியா?"

"நான் ஏன் நிறுத்தணும், கடை வச்சிருக்கேன்லா."

மாம்பழ வாசனை போட்ட திரவம் ஒன்றும், கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறு வைத்த கருவி ஒன்றும் வாங்கினாள். மிச்சமிருந்த சிகரெட் பாக்கெட்டைக் கடை வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டாள், இரண்டடி நடந்து திரும்பி வந்து அதன் மேல் யாரோ குடித்து வைத்திருந்த ஐஸ் காப்பியையும் கவிழ்த்து ஊற்றிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து பிலோமினாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உறிஞ்ச வேண்டியது உடம்புக்குக் கிடைத்தது, ஆனால் பற்ற வைப்பதற்கு ஒன்றும் இல்லை, தட்டிவிடச் சாம்பல் இல்லை, எல்லாவற்றுக்கும் மேலாக அதற்கு முடிவு என்பதே இல்லை. சிகரெட் எரிந்து விரல் பக்கம் வரும், நசுக்கிவிட்டு, சரி எழுந்திருப்போம், சோறு வைப்போம் என்று அவள் எழுவாள், ஒரு நாளில் அவள் செய்த எல்லாக் காரியமும் ஒரு சிகரெட் முடிந்த இடத்தில் தொடங்கிய காரியம். இதுவோ கழுத்திலேயே தொங்கியது, இழுத்தால் வந்தது, இன்னும் இழுத்தால் இன்னும் வந்தது, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பல் விளக்கும்போதும் ஊதினாள், மீன் கழுவும்போதும் ஊதினாள், மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள், ஒழுகாத குழாய்க்கு வாஷர் மாற்றினாள், உட்கார்ந்தால் கால் ஆடியது, நின்றால் கை எதையாவது தேடியது.

அப்படி ஒரு சாயங்காலம் பால்கனியில் நின்று அவள் ஊதியபோது வாயிலிருந்து போன ஆவி கரையவில்லை. கொடிக்கயிற்றுப் பக்கம் போய் நின்றது. அடுத்து ஊதியது அதனோடு போய்ச் சேர்ந்தது. அவள் ஊத ஊத அது தலையணை அளவாகி, கம்பி வழியாக நெளிந்து வெளியே போய், கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே மிதந்தது, மறுநாளும் அங்கேயே இருந்தது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பார்த்தபோது அவளுடைய வேன் பெரிசுக்கு வளர்ந்திருந்தது.

சூசைநாதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். "உன்னோடதா?"

"ஆமா."

"மாம்பழ வாசம் வருது."

"மாம்பழம்தானே வாங்குனேன்."

"நல்லதுதான், வண்டிக்கெல்லாம் நிழலா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போய்ச் செய்தி பார்த்தான்.

நிழலுக்காகத்தான் முதல் சண்டை வந்தது. மேகத்துக்குக் கீழே யார் கார் நிறுத்துவது என்று மூன்றாவது மாடிக்காரர்களும் நான்காவது மாடிக்காரர்களும் முறைத்துக்கொண்டிருந்தபோதே மேகம் ஒரு நாள் கறுத்தது, ஊரெல்லாம் வெயில் அடிக்க சி பிளாக் முன்னால் மட்டும் மழை பெய்தது. பார்த்தவர்களுக்கு அது மழை என்று தெரிந்த மறு நிமிஷமே தண்ணீர் என்றும் தெரிந்துவிட்டது. சோற்றுப் பானை, குழந்தை குளிக்கிற தொட்டி, சாயப் பீப்பாய், ஐஸ் பெட்டி என்று எது கைக்குக் கிடைத்ததோ அது கீழே இறங்கியது. பக்கத்து வீட்டுத் தவமலர், இட்லி அவித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கிறவள், தினமும் ஆறு மாடி தண்ணீர் சுமந்து தோள் காய்த்துப்போனவள், தன் பால்கனியிலிருந்து கையை நீட்டியே அண்டாவை நிரப்பிக்கொண்டாள், நிரம்பிய அண்டாவைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு அரிசி ஊறப்போட்டாள்.

மறுநாள் எறும்பு வந்தது. மாம்பழத் தண்ணீர் இனிப்பல்லவா, அடித்தளத்திலிருந்து ஆறாவது மாடிவரை சுவரே நகர்கிற மாதிரி எறும்பு ஏறியது, தவமலரின் இட்லி தித்தித்தது, துவைத்த சட்டையைப் போட்டவர்கள் எல்லாம் சொறிந்துகொண்டு வேலைக்குப் போனார்கள். ஆனால் யாரும் மேகத்தைக் குறை சொல்லவில்லை, வாசனையைத்தான் குறை சொன்னார்கள். கீழ்வீட்டு மலாய்க்கார அம்மாள், எல்லோரும் மக்சிக் என்று கூப்பிடுகிற ரோஸ்னா, தள்ளுவண்டியில் சிராப் என்கிற சர்பத் தண்ணீர் விற்கிறவள், மாடியேறி வந்து கதவைத் தட்டினாள், "மீனா, எனக்கு மாம்பழம் நல்லா விக்குது, சமைக்கிறவங்களுக்கு வாசனை இல்லாதது போடு, வாரத்துல ஒரு நாள் எனக்கு லிச்சி போடு" என்றாள். சூரா என்கிற சின்னத் தொழுகைக்கூடத்திலிருந்து வந்தவர்கள் வாசனை இல்லாத நாள் தொழுகைக்குக் கைகால் கழுவ உதவும் என்றார்கள், மாரியம்மன் கோயில் பண்டாரம் அபிஷேகத்துக்கு மட்டும் வேண்டாம், படி கழுவ எடுத்துக்கொள்கிறேன் என்றார், பங்குச்சாமியார் ஒரு கை ஏந்தி முகர்ந்து பார்த்துப் புன்னகைத்துவிட்டுப் போனார். சுகாதார இலாகா ஆள் ஒருவர் வந்து குப்பியில் பிடித்துப் போனார், கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்றார், அதை எல்லாத் தண்ணீருக்கும்தான் சொல்வார்கள்.

இப்படியாகத் துவைக்கிற நாளைக்குப் புதினா, சமைக்கிற நாளைக்கு வெறும் ஆவி, ரோஸ்னாவுக்கு லிச்சி என்று பழகிப்போய், சி பிளாக் தண்ணீர்ப் பஞ்சத்தை மறந்தது. சூசைநாதனை எல்லோரும் படிக்கட்டில் பார்த்து வணக்கம் சொன்னார்கள், "தலைவரே" என்றார்கள், கோப்பிக்கடையில் அவன் பேசினால் கடைசிவரை கேட்டார்கள். அவன் நடையே மாறிப்போனது.

பிலோமினாவுக்கு மட்டும் நிற்க நேரமில்லை. காரத்தைக் குறைத்துக்கொண்டே போய் நிறுத்துவது என்று கெல்வின் சொன்னது அவள் நினைவில் இருந்தது, ஆனால் குறைத்தால் மேகம் இளைத்தது, இளைத்தால் கதவு தட்டப்பட்டது, "அக்கா, நாளைக்கு மகளுக்கு நிச்சயதார்த்தம், கொஞ்சம் கூட ஊதுங்களேன்", "ஆண்ட்டி, பாத்ரூம் கழுவணும்", "மீனாக்கா, மத்தியானம் தூங்கிட்டீங்களோன்னு பயந்துட்டோம்". அவள் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஓடி வந்து ஊதினாள், சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்துபோய் ஊதினாள், வாய் உலர்ந்து தொண்டை கட்டி நெஞ்சு படபடக்க நடைபாதையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்து ஊதினாள், பிடித்துப்போய் ஊதிய காலம் போய்விட்டது, நிறுத்த முடியாமல் ஊதிய காலமும் போய்விட்டது, இப்போது மற்றவர்களுக்காக ஊதினாள், முப்பது வருஷத்தில் யாருமே அவளை இன்னும் கொஞ்சம் குடி என்று சொன்னதில்லை, இப்போது ஒரு கட்டடமே சொன்னது.

மேகம் ஈரத்தையும் கொண்டுவந்தது. சுவரில் பூஞ்சை பூத்தது, அலமாரியில் சட்டைகள் பூத்தன, சிலுவைக்குப் பின்னால் கறுப்பாகப் படர்ந்தது. சூசைநாதனின் இருமல் நின்றுவிட்டதாகப் பிலோமினா நினைத்துக்கொண்டிருந்தாள், ஏனென்றால் வீட்டில் அவன் இருமவில்லை.

ஒரு நாள் காலை பள்ளி பாதியில் விட்டதால் அவள் சீக்கிரம் திரும்பி வந்து, பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிட்டு வேனைத் தன் இடத்தில் நிறுத்தினாள், மேலே போனாள், சூசை இல்லை, தண்ணீர்ப் பாத்திரத்தை வேனிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்து கீழே இறங்கினாள். பூட்டிய வேன் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டுப் பின்சீட்டில், பிள்ளைகள் உட்காருகிற இடத்தில், மாற்றுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சூசைநாதன் இருமிக்கொண்டிருந்தான். உடம்பே மடங்கி மடங்கி நிமிர்ந்தது. வெளியே மழைக்கு வாளி வைத்துக்கொண்டு ஆட்கள் சிரிக்கிற சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

அவள் கதவைத் திறந்து ஏறி, திரும்பச் சாத்தினாள்.

"எத்தனை நாளா?"

"இங்க ஈரம் இல்ல, அதான்" என்றான் அவன், மூச்சு வாங்கிக்கொண்டு.

"நான் நிறுத்திடறேன்."

"நிறுத்தாதே."

"ஏங்க, பைத்தியமா உங்களுக்கு?"

"பம்புக்காக நான் எத்தனை தடவை அலைஞ்சேன், ஒருத்தன் காது கொடுத்தானா? இப்பப் பாரு, எல்லா வீட்டுலயும் தண்ணி. தவமலர் படியேறி எத்தனை நாளாச்சு? இதைக் கெடுக்காதே மீனா. இருமல் இருந்துட்டுப் போகட்டும்."

அவள் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அம்மா பார்த்த பார்வையிலிருந்து அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்வி அப்போதுதான் வெளியே வந்தது. "முப்பது வருஷமா என் புகைக்கு எதிர்லயே உட்கார்ந்திருந்தீங்களே, எழுந்து உள்ள போயிருக்கலாம் இல்ல? நான் என்ன கையையா பிடிச்சு வச்சேன்?"

சூசை கண்ணாடிப் பக்கம் பார்த்தான். "சிகரெட் குடிக்கும்போதுதான் நீ பேசுவே" என்றான். "மத்த நேரம் வேன், சமையல், தூக்கம். அங்க உட்கார்ந்தாத்தான் அன்னிக்கு நடந்ததெல்லாம் சொல்லுவே. எழுந்து போனா அப்புறம் உன் பேச்சை நான் எங்க போய்க் கேக்கறது?"

மழை வேனின் கூரையில் தட்டிக்கொண்டிருந்தது. பிலோமினா கழுத்துக் கயிற்றைக் கழற்றினாள், அதைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே இறங்கினாள், மழையில் நின்றவர்களுக்கு நடுவே போய், "நான் நிறுத்திட்டேன்" என்று சொல்லி, நிரம்பிக்கொண்டிருந்த பீப்பாய் ஒன்றில் கருவியைப் போட்டாள். அதில் சின்னதாக ஒரு விளக்கு எரிந்து அணைய, அது அடியில் போய்ப் படுத்தது.

முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு பயந்தார்கள். பிளாக்கிலிருந்த வேப் பிடிக்கும் இளவட்டங்கள் எல்லாம் பால்கனிகளில் வரிசையாக நின்று சேர்ந்து ஊதிப் பார்த்தார்கள், அந்த ஆவி வழக்கம்போல் காற்றில் கரைந்தது. பிலோமினா வீட்டு வாசலில் தினமும் யாராவது ஒரு புதுக் கருவியை வைத்துவிட்டுப் போனார்கள், மாம்பழம், திராட்சை, குளிர்ந்த புதினா. அவள் அதைத் தாண்டித் தாண்டி வேனுக்குப் போனாள். மேகமோ பட்டி மாடு மாதிரி அவள் பால்கனிக் கம்பியில் வந்து முகத்தை அழுத்திக்கொண்டு நின்றது, அவள் இந்த அறைக்குப் போனால் இந்த ஜன்னலுக்கும் அந்த அறைக்குப் போனால் அந்த ஜன்னலுக்கும் வந்தது, நாளுக்கு நாள் மெலிந்தது. அவளுக்கும் உடம்பு முழுக்க யாரோ உள்ளேயிருந்து நடப்பது போலிருந்தது. கிராம்பைக் கடித்தாள், பேனா மூடியைக் கடித்தாள், வேன் ஸ்டியரிங்கில் விரல்கள் தாளம் போட்டன, பிள்ளைகள் சத்தம் போட்டால் அதட்டினாள், அதட்டியதற்கு அழுகை வந்தது.

தவமலர் ஒரு காலை கதவைத் தட்டவில்லை, திறந்துகொண்டே வந்தாள். தலையில் சும்மாடு, கையில் காலி வாளிகள்.

"நல்லா இருக்குக்கா உங்க நியாயம். நேத்து இட்லிக்கு ஊறப்போடத் தண்ணி இல்ல. உங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலின்னா எனக்குத் தோள் வலி இல்லையா?"

"இருக்கு" என்றாள் பிலோமினா. சொல்லிக்கொண்டே கூடத்தைச் சுற்றி வந்தாள். "இருக்கு தவம். உட்கார முடியலடி என்னால. நிக்க முடியல. உன் வாளியை எடுத்துக்க. எல்லாரையும் கூப்பிடு. வேன்ல ஏறுங்க."

"எங்க?"

"எங்கயாவது நான் நடந்தாகணும். அந்த ஆபீசுல போய் நடக்கறேன்."

வேனில் பிள்ளைகள் உட்காருகிற சீட்டுகளில் முழங்கால் இடிக்கப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள், மடியில் காலி வாளிகள், முன்சீட்டில் இஸ்திரி போட்ட சட்டையோடு சூசைநாதன், நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு மக்சிக் ரோஸ்னா. நிர்வாக அலுவலகத்தில் குளிர்சாதனம் ஓடியது, நாற்காலிகள் இருந்தன, எல்லோரும் உட்கார்ந்தார்கள், பிலோமினா உட்காரவில்லை. மேலாளரின் மேசைக்கும் கதவுக்கும் நடுவே இருந்த இடத்தில் அவள் நடக்கத் தொடங்கினாள். மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து வேறிடத்தில் வைத்தாள், காலண்டரை நேராக்கினாள், ஜன்னல் திரையை ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள்.

"அம்மா, தயவுசெஞ்சு உட்காருங்க" என்றார் மேலாளர்.

"முடியல சார். சிகரெட்டை விட்டிருக்கேன்."

மேலாளருக்கு வழக்கமான அவசர வேலை வந்தது, எழுந்தார், அவள் அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள், இந்தப் பக்கம் போகப் பார்த்தார், அவள் திரும்பி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தாள், அவள் மறிக்கவில்லை, நடந்தாள், அவ்வளவுதான், அவருக்குத்தான் வழி கிடைக்கவில்லை. கடைசியில் உட்கார்ந்தார். அப்போது சூசைநாதன் எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டு, பல மாதமாகச் சொல்லி முடிக்காமல் வைத்திருந்ததை முதல் வாக்கியத்திலிருந்து தொடங்கினான், நடுவில் இருமல் வந்தது, எல்லோரும் காத்திருந்தார்கள், மேலாளரும் காத்திருந்தார், இரும வேண்டியதை இருமிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து கடைசி வாக்கியத்தையும் சொல்லி, நன்றியும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தான். மேலாளர் பம்ப் ஆளுக்குப் போன் போட்டது அந்தப் பேச்சுக்காகவா, பிலோமினாவின் கால் நிற்க வேண்டும் என்பதற்காகவா என்று மெலாத்தியில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு.

பம்ப் வந்தது. குழாய்கள் முதலில் வெறும் காற்றைத் துப்பின, பிறகு துருவைத் துப்பின, பிறகு ஆறாவது மாடியில் தவமலரின் சமையலறையில் தண்ணீர் கொட்டியது, அவள் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள்.

மேகம் அதற்குள் ஒரு கைக்குட்டை அளவுக்கு இளைத்துப்போய் கீழே இறங்கி, மக்சிக் ரோஸ்னாவின் கொடிக்கயிற்றில் மற்ற துணிகளோடு கிடந்தது. அவள் அதை ஈரத்துணி என்று நினைத்துப் பிழிந்துவிட்டாள். அரை வாளிக்குக் கொஞ்சம் குறைவாக வந்ததாம். பாண்டான் செடிக்கு ஊற்றிவிட்டு, மாடியேறி வந்து பிலோமினாவிடம் மன்னிப்புக் கேட்டாள், பிலோமினா பரவாயில்லை என்றாள், ரோஸ்னா போன பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

சூசைநாதனின் இருமல் முழுசாகப் போய்விட்டது என்று சொல்வதற்கில்லை. குறைந்தது. மாடியேறினால் வந்தது, வெயிலில் வந்தது. மத்தியான வண்டிக்கு அவனும் கூட வரத் தொடங்கினான். பள்ளி விடுவதற்கு முன்பே போய் வேலியோரம் நிழலில் வேனை நிறுத்திவிட்டு இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். முதல் சில நாள் பேச்சே இல்லை. அவள் கால் ஆடும், கை கியரைத் தொடும், கண்ணாடியைத் துடைக்கும், வெளியே ஐஸ்கிரீம்காரன் பற்ற வைத்த சிகரெட்டின் வாசனை கண்ணாடி இடுக்கில் வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

ஒரு நாள் அப்படிப் பிடித்த மூச்சை விட்டுவிட்டு, "எனக்கு இப்பவே ஒன்னு வேணும்ங்க" என்றாள்.

"தெரியுது."

"இறங்கிப் போய் அவன்கிட்ட வாங்கிடுவேன் போல இருக்கு."

"இருக்கும். நீ சொல்லு."

"என்னத்தைச் சொல்றது?"

"காலையில என்ன நடந்துச்சு?"

பிலோமினா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, தெரியாமலேயே தொடங்கினாள், காலையில் சிக்னலில் ஒருத்தன் குறுக்கே வந்ததைச் சொன்னாள், பின்சீட்டில் ஒரு பிள்ளை பால் வாந்தியெடுத்ததைச் சொன்னாள், அதைத் துடைக்கும்போது தன் அம்மாவின் நினைப்பு வந்ததைச் சொன்னாள், அம்மாவைப் பற்றி இதுவரை அவனிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள், கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. பள்ளி மணி அடித்துப் பிள்ளைகள் ஓடி வந்து கதவை இழுத்தார்கள். அவள் உள்ளேயிருந்து பூட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் இருங்கடா, அங்கிள்கிட்ட சொல்லி முடிச்சிடறேன்" என்றாள்.